34 அங்குலக் குதிரை

அமெரிக்காவில் குட்டைக் குதிரைகளுக்கென்றே 1978-இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிடரி மயிர் முடியும் இடத்தில் அளந்தால் உயரம் 34 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. அப்போதுதான் அதில் பதிவு. நல்ல விலை கிடைத்த காலத்தில் பண்ணைகள் பெருகின. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு வாங்குவோர் குறைந்தார்கள்; குட்டிகள் மட்டும் பிறந்துகொண்டே இருந்தன.

விற்கவில்லையென்று கிடங்கில் போட்டுவைக்கும் சரக்கா குதிரை? 30 ஆண்டுகூட வாழும். அதுவரை தீனி வேண்டும், குளம்பு சீவ வேண்டும், பல்லைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வேதனையும் உண்டு. குள்ளத்தன்மைக்கான மரபணுக் குறையைச் சுமக்கும் இரண்டு குதிரைகளைச் சேர்த்தால், கோணிய தாடையும் வளைந்த காலுமாகக் குட்டி பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சில குட்டிகள் தாய் வயிற்றிலேயே இறந்துவிடும். பிடரி மயிர் சிலவற்றை வேரோடு பிடுங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினால் இந்தக் குறையில் தெரிந்த வகைகளைக் கண்டுபிடித்துவிடலாம். அதைக்கூடச் செய்யாமல் இனப்பெருக்கம் செய்வது கொடுமை என்றே சொல்வேன்.

சினைக்காலம் சுமார் 11 மாதம். பிறக்கப்போகும் குட்டிக்கு ஓர் இடம் உறுதியாகாமல் பெட்டையைச் சினைக்கு விடக்கூடாது. இனவிருத்திக்குத் தேவைப்படாத ஆண்குட்டிகளைக் காயடித்துவிட வேண்டும். பொறுப்புள்ள பண்ணையாளர் செய்ய வேண்டியது இதுதான்.