வெள்ளி, வெண்கலம், பிறகு தங்கம்

(நமது குடியிருப்போர் நலச் சங்க விளையாட்டு விழாப் பரிசளிப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு வாழ்த்துகள். ஆனால் நான் இன்று பேச நினைப்பது, முதலிடம் கிடைக்காத பிள்ளைகளிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும்தான்.

மாக்சிம் ஒபாலெவ் என்று ஒரு ரஷ்ய வீரர். வோல்கா நதிக்கரையில் இருக்கும் வோல்கோகிராட் நகரத்துக்காரர். அவருடைய விளையாட்டு கேனோ படகுப் போட்டி. சுமார் 17 அடி நீளமுள்ள குறுகலான படகில் ஒரு காலை மண்டியிட்டு, மறு காலை முன்னால் ஊன்றிக்கொண்டு, ஒரே பக்கமாகத் துடுப்பு வலிக்க வேண்டும். ஒரே பக்கம் வலித்தால் படகு திரும்பிவிடும் அல்லவா? அதற்குச் சுக்கானும் கிடையாது. ஒவ்வொரு முறை வலித்து முடிக்கும்போதும் துடுப்பைச் சற்றே திருப்பித்தான் படகை நேராகச் செலுத்த வேண்டும்.

2000 சிட்னி ஒலிம்பிக். 500 மீட்டர் தனிநபர் போட்டியில் 21 வயது ஒபாலெவுக்கு வெள்ளி. தங்கம் ஹங்கேரியின் கொலோனிச்சுக்கு. மூன்றாவதாக வந்தவர் ஜெர்மனியின் டிட்மர்.

2004 ஏதென்ஸ். அதே போட்டி. சிட்னியில் தனக்குப் பின்னால் வந்த டிட்மர் தங்கம் வாங்குகிறார். ஸ்பெயினின் டேவிட் கால் வெள்ளி. ஒபாலெவுக்கு வெண்கலம். உலக சாம்பியன் பட்டங்கள் பல வென்றவர், ஒலிம்பிக்கில் ஒரு படி கீழே இறங்கிவிட்டார். நம் வீடாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "போன தடவை இரண்டாவது, இந்தத் தடவை மூன்றாவதா?" என்று கேட்டிருப்போம்.

அவர் துடுப்பைக் கீழே வைக்கவில்லை. 2008 பெய்ஜிங்கில், 29 வயதில், தங்கம் வென்றார். ஏதென்ஸில் அவரை முந்திய டேவிட் கால் இந்த முறை இரண்டாவது. அதன்பின் ஆண்களுக்கான இந்தத் தனிநபர் 500 மீட்டர் போட்டியே ஒலிம்பிக்கிலிருந்து எடுக்கப்பட்டு, 200 மீட்டர் வந்தது. அதாவது, கடைசி வாய்ப்பில் அவர் ஜெயித்திருக்கிறார். ஏதென்ஸோடு நிறுத்தியிருந்தால் அந்தத் தங்கம் இல்லை.

பெற்றோர்களே, எல்லாப் பிள்ளையும் தங்கம் வாங்கும் என்று நான் சொல்ல வரவில்லை. மதிப்பெண்ணோ பந்தயமோ, ஒரு தடவை இறங்கியதை வைத்துப் பிள்ளையின் கணக்கை முடித்துவிடாதீர்கள். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் "எத்தனையாவது வந்தாய்?" என்று கேட்பதற்கு முன்னால், "அடுத்த வருஷமும் ஓடுவாயா?" என்று கேளுங்கள்.