ஸ்டட் மரை கெட்டுப்போனால்

(நமது அறக்கட்டளையின் வாகனப் பழுதுபார்ப்புப் பயிற்சி வகுப்பு நிறைவு நாளில் செயலாளர் ஆற்றிய உரை)



அன்புத் தம்பிகளே, பெற்றோர்களே! வகுப்பு முடிகிற நாளில் வழக்கமாகச் சொல்லப்படும் வாழ்த்துகளைத் தலைவர் அவர்கள் சொல்லிவிட்டார்கள். நாங்கள் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருப்பவர்கள். பானா பிடித்துப் பழக்கமில்லை. ஆனாலும் இன்று ஒரு எக்ஸாஸ்ட் ஸ்டட்டைப் பற்றித்தான் உங்களிடம் பேசப் போகிறோம். அந்த ஒன்றைப் பற்றி மட்டும் எங்களுக்கு நன்றாகத் தெரியும். காசு கொடுத்துக் கற்றுக்கொண்டது.

நோயாளிகளை ஏற்றிப் போகும் நமது பழைய பெட்ரோல் வேனை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். முன் சீட்டுக்கு அடியிலேயே எஞ்சின் இருக்கும் வண்டி. காலையில் ஸ்டார்ட் செய்தால் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வரும். பத்து நிமிடம் ஓடி எஞ்சின் சூடானதும் அடங்கிவிடும். வால்வு சத்தம் என்றார்கள், நாங்களும் விட்டுவிட்டோம். தூரப் பயணம் போய் வந்தால் டிரைவர் பாய் தலைவலி என்பார். தூக்கம் போதவில்லை, தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள் பாய் என்று சொல்லி அனுப்புவோம். ஒரு நாள் டயாலிசிஸுக்குப் போய்த் திரும்பிய ஓர் அம்மாவுடன் வந்த பையன், முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவன், வீடு வருவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தான். மழைக்காக எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருந்தது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

சீட்டைத் தூக்கிப் பார்த்தால், மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் இடத்தில் கடைசி ஸ்டட் இல்லை. கேஸ்கட் கருகி, அந்த ஓரம் முழுவதும் கரி. வெளியே போகவேண்டிய புகை சீட்டுக்கடியிலேயே கசிந்துகொண்டிருந்தது. பெட்ரோல் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாடையில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக இரத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், அதன்பிறகு மயக்கம். ஏற்கெனவே இரத்தம் குறைந்த சிறுநீரக நோயாளியை அந்த வண்டியில்தான் நாங்கள் இலவசமாக ஏற்றிக்கொண்டிருந்தோம்.

அந்த 'டிக் டிக்' சத்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த எஞ்சினில் கேட்டு, சூடானதும் குறைகிற சத்தம் என்றால் எக்ஸாஸ்ட் கசிவைச் சந்தேகப்பட வேண்டும். இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்வதால்தான் சத்தம் அடங்குகிறது. பழுது அப்படியேதான் இருக்கிறது.

ஸ்டட் ஏன் போகிறது என்பதை உங்கள் மாஸ்டர் சொல்லியிருப்பார். ஹெட் அலுமினியம், மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு. அதே சூட்டில் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒவ்வொரு ஓட்டத்திலும் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்கின்றன. நீளவாக்கில் ஓரத்தில் இருப்பவற்றுக்குத்தான் இழுப்பு அதிகம், அதனால்தான் பெரும்பாலும் கடைசி ஸ்டட்கள் முதலில் போகும். துருப்பிடித்த நட்டைப் பலவந்தமாகத் திருப்பினால் நட்டு கழலாது; ஸ்டட் முறியும், அல்லது அலுமினிய மரையையும் உரித்துக்கொண்டு வெளியே வரும்.

இனி நடந்ததைச் சொல்கிறோம். முதலில் வண்டியைக் கொடுத்த பட்டறையின் பெயர் வேண்டாம். ஹெட்டுக்குள் முறிந்து நின்ற துண்டை எடுக்க அங்கிருந்த பையன் நடுவில் துளை போட்டு 'ஈஸி அவுட்' இறக்கித் திருகினான். அது உள்ளேயே ஒடிந்தது. ஈஸி அவுட் கெட்டிப்படுத்திய எஃகு. சாதாரண ட்ரில் பிட் அதன்மேல் வழுக்கும். வழுக்கிய பிட் பக்கத்து அலுமினியத்தைத் தின்றுவிட்டது. இந்த அளவில் நிறுத்தி எங்களுக்கு ஒரு போன் போட்டிருந்தால் வருத்தப்பட ஒன்றுமில்லை. கை தவறுவது எல்லாருக்கும் உண்டு. அவர்கள் அந்த ஓட்டையை எபாக்சி பசையால் அடைத்து, மேலே ஒரு நட்டைப் பார்வைக்கு ஒட்டி, முழுக் கூலியும் வாங்கிக்கொண்டு வண்டியைத் தந்தார்கள். எக்ஸாஸ்ட் சூட்டில் அந்தப் பசை எத்தனை நாள் நிற்கும்? மூன்றாம் நாளே டிரைவர் பாய்க்குத் தலைவலி திரும்பிவிட்டது.

புது ஹெட் வாங்கலாமா என்று கமிட்டியில் பேச்சு வந்தது. அது ஜகாத்தும் சதகாவுமாக மக்கள் நம்பிக் கொடுத்த பணத்தைக் காக்கும் கமிட்டி, கை எளிதில் நீளாது. கடைசியில் வயதான ஒரு லேத் பட்டறைக்காரரிடம் ஹெட்டைக் கழற்றிக் கொண்டுபோனோம். அவர் வேலை செய்த இரண்டு நாளும் நாங்கள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தோம்.

மற்ற ஸ்டட்களில் ஒன்று கொஞ்சம் வெளியே தெரிகிற மாதிரி முறிந்திருந்தது. அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்பக்கம் வெல்டிங் வைத்தார். இரும்புக்கு வைக்கும் வெல்டிங் அலுமினியத்தில் பிடிக்காது, அதோடு அந்தச் சூடே துருவை விடுவிக்கும். கொஞ்சம் ஆறியதும் பானாவை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டினார். ஒரே திசையில் இழுக்கவில்லை. வெண்ணெயில் கத்தி போனதுபோல் வந்துவிட்டது.

ஈஸி அவுட் ஒடிந்த ஓட்டைதான் அவரைப் படுத்தியது. கார்பைடு கட்டர் வைத்து மில்லிங் மெஷினில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைந்து எடுத்தார். ஓட்டை கோணலாகிவிட்டிருந்தது. ஆர்கன் வெல்டிங்கில் அலுமினியம் நிரப்பி, முகத்தைச் சமமாக்கி, புதிதாகத் துளை போட வேண்டியிருந்தது.

மரை மட்டும் போன ஓட்டைகளுக்கு ஹெலிகாயில் போட்டார். எட்டு எம்.எம்., 1.25 பிட்ச் ஸ்டட்டுக்கு 8.3 எம்.எம். பிட் ஓட்டினார். பிட்டில் ஆழத்துக்கு அடையாளமாக டேப் சுற்றியிருந்தார். ஆழம் மீறினால் தண்ணீர் ஜாக்கெட் உடையும். பிட் நேராக நிற்கிறதா என்று மட்டத்தை இரண்டு பக்கமிருந்தும் பார்த்தார். பிறகு ஹெலிகாயிலுக்கென்றே வரும் மரை டேப். சாதாரண எட்டு எம்.எம். டேப் அதற்கு ஆகாது. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. டேப்பில் கிரீஸ் தடவியிருந்ததால் தூள் அதிலேயே ஒட்டிக்கொண்டது. கடைசியில் ஸ்டெயின்லெஸ் கம்பிச்சுருளைத் திருகி, முகத்துக்குக் கீழே கால் சுற்று, அரைச் சுற்று இறங்கும் வரை உள்ளே விட்டு, அடியிலிருக்கும் வாலை ஒடித்து, அந்தத் துண்டையும் மறக்காமல் வெளியே எடுத்தார். அலுமினியத்தில் அந்தச் சுருள் பழைய மரையைவிட உறுதியாகப் பிடிக்கும் என்றார். சுருளின் வெளிச்சுற்று பெரியது, பிடிப்புப் பரப்பும் பெரியது. யோசித்துப் பார்த்தால் சரிதான்.

மேனிஃபோல்டு முகத்தில் எஃகு ஸ்கேல் வைத்துப் பார்த்தார். நடுவில் ஒளி தெரிந்தது. வளைந்த மேனிஃபோல்டை அப்படியே மாட்டினால் புது ஸ்டட்டும் முறியும் என்று அதையும் மெஷினில் சமன்செய்தார். இதை முதல் பட்டறை பார்க்கவே இல்லை. ஸ்டட்டில் செம்பு கலந்த ஆன்டி சீஸ், புது கேஸ்கட், புது நட்டுகள். நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்சில் மேனுவல் அளவுக்கு இறுக்கினார். 'கை அளவு தெரியாதா பாய் உங்களுக்கு?' என்று கேட்டோம். 'இந்தக் கைதான் முன்னே நிறைய முறித்திருக்கிறது' என்றார். ஒருமுறை ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி இறுக்கம் பார்த்தார்.

பில்லில் வெல்டிங், மில்லிங், சுருள் எல்லாம் தனித்தனியாக எழுதியிருந்தது. 'கடைசி ஓட்டை நிரப்பியது, ஆறு மாதத்தில் ஒருமுறை பார்க்கவும்' என்றும் ஒரு வரி. புது ஹெட் விலையில் பாதிகூட ஆகவில்லை. அந்த பில் இப்போதும் எங்கள் ஃபைலில் இருக்கிறது. ஆறு மாதம் ஆனதும் டிரைவர் பாயே நினைவூட்டி வண்டியைக் கொண்டுபோனார்.

நேரமாகிறது. சான்றிதழ் வாங்கியதும் யாரும் போய்விடாதீர்கள். அந்த மேசையில் காயலான் கடையிலிருந்து வாங்கிய ஹெட் ஒன்று இருக்கிறது, எல்லா ஸ்டட்டும் துருப்பிடித்தது. ஹெலிகாயில் கிட்டும் இருக்கிறது, அது இனி வகுப்புக்கே சொந்தம். ஆளுக்கு ஒரு ஓட்டை. முறித்தவர் முறித்தேன் என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டு அடுத்ததைத் தொடலாம்.