கப்பல் நீரில் வரும் அயல் உயிரினங்கள்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடலே இல்லாத தருமபுரியில் கப்பலைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். ஏரிகளை மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. பரவிய பின் அதை அகற்றுவது எவ்வளவு கடினம் என்பதை நம் மாணவர்கள் அறிவார்கள். அதே போன்ற துன்பத்தை இன்று எண்ணூர் மீனவர்கள் அனுபவிக்கிறார்கள்.

அங்கே கொசஸ்தலை ஆற்றில் 'காக்கா ஆழி' என்னும் மட்டி பெருகியுள்ளது. இதன் தாயகம் மத்திய, தென் அமெரிக்கக் கடற்கரைகள். இது ஆற்றின் அடியைப் பாய் விரித்தாற்போல் மூடிவிடுவதால், இறால் புதைந்து வாழச் சேறு இல்லை. கையால் தடவி இறால் பிடிக்கும் குடும்பங்களின் பிழைப்பு கெடுகிறது. இது கப்பல்கள் வழியே வந்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

எப்படி வருகிறது? வகுப்பிலேயே காட்டலாம். வாளி நீரில் வெறும் எவர்சில்வர் டம்ளரை மிதக்க விடுங்கள், சாய்ந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு நீர் ஊற்றினால் நேராக நிற்கும். சரக்கை இறக்கிய கப்பலும் இப்படித்தான் கடல்நீரை ஏற்றிக்கொள்கிறது. அதுவே பேலஸ்ட் நீர். அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது அதை வெளியேற்றுகிறது. அந்த நீரோடு முட்டைகளும் இளவுயிரிகளும் இறங்குகின்றன.

இதைத் தடுக்கப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2004-இல் உருவாக்கிய உடன்படிக்கை, 2017 செப்டம்பர் 8 முதல் நடைமுறைக்கு வந்தது. முதலில் கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பால், ஆழ்கடலில் நீரை மாற்றும் முறை இருந்தது. இப்போது கப்பலிலேயே சுத்திகரிக்க வேண்டும். வெளியேற்றும் 1 கன மீட்டர் நீரில், 50 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் அளவுள்ள உயிரினங்கள் 10-க்கும் குறைவாகவே உயிருடன் இருக்கலாம்.

வடிகட்டினால் மட்டும் போதாதா என்று மாணவர் கேட்பர். ஏரி நீரைத் துணியில் வடிகட்டி, வடிந்த நீரின் ஒரு துளியை நுண்ணோக்கியில் காட்டுங்கள். அதிலும் உயிர்கள் நெளியும். ஆகவேதான் வடிகட்டிய பின் புற ஊதாக் கதிர் பாய்ச்சுகிறார்கள். அல்லது கடல்நீரை மின்னாற்பகுத்துக் குளோரின் உண்டாக்கி, உயிர்களைக் கொல்கிறார்கள். வெளியேற்றும் முன் அந்தக் குளோரினையும் நீக்குகிறார்கள்.

நம் ஊருக்கும் இதில் வேலை இருக்கிறது. தொட்டியில் வளர்த்த அயல்நாட்டு மீனை ஏரியிலோ, காவிரியிலோ, தென்பெண்ணையிலோ விடக்கூடாது என்பதை மாணவர்களிடம் சொல்லுங்கள். கப்பலில் பெரும் செலவில் செய்யும் தடுப்பை, இங்கே செலவின்றிச் செய்யலாம்.