250 வாட் வண்டியா? கன்ட்ரோலரையும் கவனிங்க

அமராவதிபுதூரிலிருந்து காரைக்குடிக்கு மின்சார பைக்கில் போய்வருகிற உங்களுக்குத்தான் இந்தப் பேச்சு. "லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம்" என்று சொல்லித்தானே வண்டியை விற்றார்கள்? அந்தச் சலுகைக்கு நிபந்தனை இருக்குங்க. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன்படி, மோட்டாரின் 30 நிமிடத் திறன் 250 வாட்டுக்கும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருக்கணும். பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. சோதனை நிலையச் சான்றும் வேணும்.

30 நிமிடத் திறன் என்றால், அரை மணி நேரம் தொடர்ந்து தாங்கும் திறன். மேடு ஏறும்போது மோட்டார் கொஞ்ச நேரம் கூடுதலாக இழுக்கும். எவ்வளவு கரண்ட் விடுவது என்று முடிவு செய்வது கன்ட்ரோலர்தான். 48 வோல்ட் பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் எடுத்தால் 720 வாட்! ஆகவே ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீங்க.

"ஒரு ஒயரைக் கழட்டினா 45-ல பறக்கும்" என்று என்னிடமும் ஒருவர் ஆசை காட்டினார். கழட்டிய நிமிடமே அது சட்டப்படி மோட்டார் வாகனம். பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எதுவும் கையில் இருக்காது. யார் மீதாவது மோதிவிட்டால் இழப்பீடு உங்கள் வீட்டுப் பணத்திலிருந்துதான் போகும். பிள்ளைகளிடம் சாவி கொடுப்பவர்கள் இதை முதலில் யோசிங்க.

வாங்கும்போதே சான்றிதழ் நகலைக் கேட்டு, அதிலுள்ள மாடல் பெயர் உங்கள் வண்டியோடு பொருந்துதா பாருங்க. போனில் ஒரு படமும் எடுத்து வச்சுக்குங்க.