விளக்குக்கும் எண்ணெய் வேண்டும்

(சங்க ஆண்டு விழாவில் காலனி மருத்துவ அன்பர்கள் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசைக்கும் நாடகத்திற்கும் நடுவே மருத்துவர்கள் மேடையேறினால், இனிப்பைக் குறையுங்கள், நாள்தோறும் நடந்து பழகுங்கள் என்று அறிவுரை கூறுவார்கள் என்றே நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று உங்கள் உடல்நலத்தைப் பற்றி நாங்கள் பேசப் போவதில்லை. எங்களைப் பற்றியே சில சொற்கள் கூற அனுமதி வேண்டுகிறோம்.

நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையம் ஒன்றில் தொண்டாற்றிய உளவியல் அறிஞர் ஃபிராய்டன்பெர்கர், ஆர்வத்தோடு வந்த தொண்டர்கள் சில காலத்திலேயே ஊக்கம் இழந்து வாடுவதைக் கண்டார். தாமும் அவ்வாறே வாடினார். 1974-ஆம் ஆண்டில் அதனைப் பற்றி எழுதியபோது, எரிந்து அடங்குதல் என்று பொருள்படும் 'பர்ன் அவுட்' என்னும் சொல்லை ஆண்டார். எண்ணெய் வற்றித் திரி கருகிய விளக்கை அறிந்த நமக்கு அச்சொல்லின் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதற்கு மூன்று அடையாளங்களை வகுத்தது: தீராத சோர்வு, செய்யும் தொழிலில் ஒட்டாமையும் வெறுப்பும், திறமை குன்றுதல். இது நோயன்று, பணியிடத்தில் நெடுநாள் நீடித்த அழுத்தம் தணிக்கப்படாததால் விளைவது என்றும் அந்நிறுவனம் தெளிவாக்கியுள்ளது.

எங்களுள் ஒருவருக்குப் பயிற்சிக் காலத்தில் நேர்ந்ததைக் கூறுகிறோம். தொடர்ந்து முப்பதாவது மணி நேரமாகப் பணியில் இருந்த அவர், ஒரு குழந்தைக்கு மருந்தின் அளவை எழுதினார். தசமப் புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்தது. அளவு பத்து மடங்காயிற்று. செவிலி அம்மையார், "டாக்டர், இதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்" என்று தாளை நீட்டினார். குழந்தைக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. ஆனால் எழுதியவருக்கு அப்போது அச்சமே தோன்றவில்லை. திருத்தி எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குச் சென்றார். மறுநாள் உறங்கி எழுந்த பிறகே அவர் கை நடுங்கிற்று. அந்தப் பிழையைவிட, பிழை கண்டும் அஞ்சாத அந்த மரத்த மனமே எங்களைக் கலங்க வைக்கிறது.

இதற்குக் காரணம் என்ன? மருத்துவப் பட்டத்திற்கு 5½ ஆண்டு, மேற்படிப்புக்கு 3, உயர் சிறப்புப் படிப்புக்கு மேலும் 3, ஆக 11½ ஆண்டுகள். இடையே நுழைவுத் தேர்வுகளுக்குக் காத்திருக்கும் காலம் வேறு. முப்பது வயதைக் கடந்தும் மாணவராகவே இருப்பவர் பலர். நிபுணரான பின்னும் ஓய்வில்லை. சிறிய ஊரின் மருத்துவமனையில் மயக்க மருந்து நிபுணர் ஒருவரே என்றால், எல்லா இரவும் அவருடைய இரவே. சில தனியார் மருத்துவமனைகளில் வருமானக் கணக்கும் காப்பீட்டுத் தாள்களும் நோயாளியோடு பேசும் நேரத்தை விழுங்குகின்றன. உயிர் பிரிந்த துயரத்தில் உறவினர் கை ஓங்குவதும் உண்டு. உழைப்பு மிகுதி மட்டும் ஒருவரை எரிப்பதில்லை. தம் உழைப்பின்மீது தமக்கே அதிகாரம் இல்லாமையும் சேர்ந்தே எரிக்கிறது.

விதிகள் இல்லாமல் இல்லை. பயிற்சி மருத்துவர் தொடர்ந்து 12 மணிக்கு மேல் பணி செய்யலாகாது, வாரத்திற்குச் சாதாரணமாக 48 மணி என்று மத்திய அரசு 1992-இலேயே வகுத்தது. 2024-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, வாரத்திற்கு 74 மணியைத் தாண்ட வேண்டாம் என்று பரிந்துரைத்தது. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் வரம்பே உயர்ந்துவிட்டது என்றால், நடைமுறை எங்கே நிற்கிறது என்பதை நீங்களே உணரலாம்.

குற்றம் எங்களிடமும் உண்டு. இளையவர் களைத்து வந்தபோது, "நாங்கள் படவில்லையா? நீங்களும் பட்டுத்தான் தேற வேண்டும்" என்று கூறியவர்கள் நாங்களே. இனி அச்சொல்லைச் சொல்லமாட்டோம் என்று இம்மேடையில் உறுதி கூறுகிறோம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். இக்காலனியில் மருத்துவம் பயிலும் பிள்ளைகள் இல்லாத தெரு அரிது. ஊரை விட்டு வந்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நீங்கள் அவர்களைப் படிக்க வைத்தீர்கள். அதனாலேயே, "அம்மா, முடியவில்லை" என்று சொல்ல அவர்கள் நாக்கு கூசுகிறது. ஒரு நாள் அச்சொல் தொலைபேசியில் வருமானால், பட்ட கடனை நினைவூட்டாதீர்கள். உறங்கினாயா, உண்டாயா என்று கேளுங்கள். ஒருமுறை விடுப்பெடுத்து வரச் சொல்லுங்கள். சோர்வு துயரமாக முற்றினால் மனநல மருத்துவரை நாடத் தயங்க வேண்டாம். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' இலவசத் தொலைபேசி உதவி, 14416 என்னும் எண்ணில் தமிழிலும் கிடைக்கிறது. மருத்துவருக்கே மனச்சோர்வா என்று நகைப்பவர்களை நீங்கள் பொருட்படுத்த வேண்டாம்.

வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறாக்கினார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர். முதலிருவரும் ஒருவரே ஆகிவிட்டால், மருந்து எங்கும் விற்பதில்லை. எஞ்சுபவர் நான்காமவர் ஒருவரே. அன்று தாளை நீட்டிய செவிலி அம்மையார் அந்த நான்காமவராய் நின்றார். பிறந்த ஊரைப் பிரிந்து வாழும் நமக்குள், ஒருவர்க்கொருவர் அந்த நான்காமவராய் நிற்பதைவிடச் சங்கத்திற்கு வேறு பணி என்ன இருக்கிறது?

விழா தொடங்கும்போது ஏற்றிய குத்துவிளக்கு இன்னும் எரிகிறது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கையிலேயே ஓர் அம்மையார் வந்து அதற்கு எண்ணெய் வார்த்துச் சென்றார். நாங்கள் கேட்பதும் அவ்வளவே.