கருவியும் ஆசிரியரும்

பள்ளிக்குக் கணிப்பொறி வாங்கும் பணம் மக்களின் வரிப்பணம். அதன் பயனை ஆராய்தல் கடமை.

பெரு நாட்டரசு ஊர்ப்புறத் தொடக்கப்பள்ளி மாணவர்க்கு மடிக்கணினிகளை வழங்கியது. அங்கு 319 பள்ளிகளில் நிகழ்ந்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. மாணவர்தம் பொதுச் சிந்தனைத்திறன் சற்றே உயர்ந்திருந்தது. கணிதத்திலும் மொழியிலும் தேர்ச்சி உயரவில்லை. பெரும்பாலான பள்ளிகளில் இணைய இணைப்பே இல்லை.

உருகுவே 2007-இல் தொடங்கிய திட்டமோ மடிக்கணினியோடு பள்ளிகளுக்கு இணைய இணைப்பையும் தந்தது. 2012 முதல், ஆங்கில ஆசிரியர் இல்லாத தொடக்கப்பள்ளிகளுக்குத் தொலைவிலுள்ள ஆசிரியர் காணொளி வழியே பாடம் நடத்தினார். வகுப்பாசிரியர் உடனிருந்து பயிற்சி அளித்தார். அங்கே கருவி ஆசிரியரைத் தேடிக் கொணர்ந்தது.

ஏரி வெட்டியவர் வாய்க்காலை மறந்தால் வயல் காயும். கருவிக்கு நிதி ஒதுக்கும் அரசு, இணைப்புக்கும் பழுதுநீக்கத்திற்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் அதே ஏட்டில் பங்கு எழுதுக.