நிறைகோல் ஒன்றா, இரண்டா?



வணிகன் ஒருவன் இரண்டு நிறைகோல் வைத்திருந்தால் ஊர் அவனைக் கள்வன் என்னும். அரசு இரண்டு வைத்திருந்தால் அதற்கு என்ன பெயர்? வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தனியோர் அதிகாரம் வகுத்து, நிறைகோலையே அதற்கு உவமையாக்கினார். அக்கோலில் இரண்டு போராட்டங்களை நிறுத்துப் பாருங்கள்.

ஒன்று, தாளை எரித்த போராட்டம். சாதிக்குக் காப்பளிக்கும் அரசியல் சட்டப் பிரிவுகளை நவம்பர் 26-ஆம் நாள் எரிப்பதென்று, 1957 நவம்பர் 3-இல் தஞ்சை மாநாட்டில் பெரியார் அறிவித்தார். அத்தாளை எரிப்பதற்கென்று அப்போது தனி ஒறுப்பு ஏதுமில்லை. இடைப்பட்ட மூன்று கிழமைக்குள், மூன்றாண்டுவரை சிறையிடும் புதுச் சட்டத்தைச் சென்னைச் சட்டமன்றம் செய்து முடித்தது. குறித்த நாளில் தொண்டர்கள் வெளிப்படையாக எரித்தனர். ஆயிரக்கணக்கானோர் சிறை புகுந்தனர். சிறையிலேயே உயிர்நீத்தோரும் உளர். எரிந்ததோ, மறுநாளே அச்சிட்டுக்கொள்ளத்தக்க தாள்!

1986-இலும் அதே கதை. இந்திக்கு ஆட்சிமொழித் தகுதி தரும் 17-ஆம் பகுதியை எரிக்கும் போராட்டத்தில் கலைஞர் கருணாநிதி பத்துக் கிழமைக் கடுங்காவல் பெற்றார். பேராசிரியர் அன்பழகன் உள்ளிட்ட சட்டமன்ற உறுப்பினர் பதின்மர் உறுப்புரிமை இழந்தனர்.

மற்றொன்று, கட்டடத்தை இடித்த போராட்டம். 1992 திசம்பர் 6-இல் அயோத்தியில், நானூறாண்டு கடந்த பாபர் பள்ளிவாசல், பட்டப்பகலில், படக்கருவிகளின் முன்னே, காவலர் பார்த்திருக்க இடிக்கப்பட்டது. தொடர்ந்த கலவரங்களில் ஏறத்தாழ ஈராயிரவர் மாண்டனர். மூன்று திங்களில் அறிக்கை தரவேண்டிய இலிபரான் ஆணையம் பதினாறு ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அவ்விடிப்பு சட்டத்தை மீறிய கொடுஞ்செயல் என்று 2019-இல் உச்ச அறமன்றமே உரைத்தது. ஆயினும் 2020 செப்டம்பர் 30-இல், உயிரோடு எஞ்சியிருந்த 32 பேரையும் சான்று போதாதென்று இலக்குனோ தனி அறமன்றம் விடுவித்தது. தாளுக்கு மூன்று கிழமை. பள்ளிவாசலுக்கு இருபத்தெட்டு ஆண்டு!

“எரித்தவர் ஒப்பினர், இடித்தவர் மறுத்தனர். மறுத்தால் சான்று வேண்டுமன்றோ?” என்று சட்டம் கற்றோர் கேட்பர். நல்ல வினாவே. சான்றின்றி எவரையும் ஒறுத்தல் அறமாகாது. ஆனால் சான்று தானே நடந்து வராது. அதைத் தேடித் திரட்டுவது அரசின் கடமை. ஆட்சிகள் வேறு, ஆண்டோர் வேறு எனினும், தாளைக் காக்க இருந்த விரைவு கட்டடத்தையும் உயிரையும் காக்க இல்லாமற் போனதேன்? விளைவைப் பாருங்கள். செய்ததை நேர்நின்று ஏற்பவனுக்குச் சிறை. கூட்டத்துள் மறைபவனுக்கு விடுதலை. வாய்மைக்கு ஒறுப்பும் மறைப்புக்குப் பரிசும் தரும் நாட்டில் எப்படிப்பட்ட போராளி வளர்வான்?

தமிழர் செயலும் அதே கோலில் ஏறவேண்டும். 1965 மொழிப்போரில் காவலரின் துமுக்கிக்கு இரையான இளைஞர்க்காகக் கண்ணீர் விடுவோர், அப்போரின்போது திருப்பூரில் எரித்துக் கொல்லப்பட்ட காவல் துணை ஆய்வாளர் இருவர்க்காகவும் வருந்துதல் வேண்டும். அக்கொலையைத் தமிழின் பெயரால் மூடி மறைப்போர், அயோத்தியைப் பற்றி வாய்திறக்கும் தகுதியை இழப்பர்.

தமிழர் கேட்கவேண்டியது சலுகையன்று; ஒரே கோல். எரித்தவன் எக்கட்சி, இடித்தவன் எம்மதம் என்று பாராமல், அழிந்தது என்ன, மாண்டவர் எத்தனை பேர் என்று மட்டும் பார்க்கும் கோல். தன் பக்கத்துத் தட்டில் உள்ளதை மறைக்காதவனே அதைத் தலைநிமிர்ந்து கேட்க முடியும். கேளுங்கள்!

வெல்க தமிழ்!